பத்துப் பாகைக்கு வடக்கே

வெயில் இன்னும் திருவண்ணாமலைக் கோபுரத்தின் தலையில் இருக்கும். பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில், என் அக்கா சுமதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருப்பாள்.

மணி நாலரையைத் தாண்டியிருக்காது. தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மரப்பெட்டியைத் தட்டிக்கொண்டு போவார். வடாம் காய்ந்த துணி கொடியில் மொடமொடவென்று நிற்கும். சமையலறையிலிருந்து மிளகு ரசத்தின் கடைசி வாசனை வரும்.

"என்னக்கா, நான் இன்னும் சாயந்திரக் காப்பியே குடிக்கல. நீ ராத்திரிச் சாப்பாட்டையே முடிச்சுட்டியா?"

"அங்க பொழுது போயிடும்டி" என்பாள்.

அங்கே என்றால் அந்தமான். அவள் கணவர் ஸ்ரீபால் மாமா அங்கே அரசுத் துறை ஒன்றில் ஓவர்சியராக இருந்தார். எங்கள் ஊரில் சூரியன் மறைவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே அந்தத் தீவுகளில் மறைந்துவிடும். கடிகாரம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு உண்ணுவதில்லை. அதில் வியப்பு ஒன்றும் இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் எங்கள் பூர்வீகக் கிராமம் முழுவதும் அப்படித்தான். ஆனால் கண் முன்னால் வெயில் காய்ந்துகொண்டிருக்க, கடலுக்கு அப்பால் மறையும் ஒரு சூரியனுக்காக அடுப்பை அணைத்தவள் என் அக்கா ஒருத்திதான்.

"அவரு நாலரைக்கெல்லாம் சாப்பிட்டுடுவாராம். நானும் அப்பவே உக்காந்துட்டா ஒண்ணா சாப்பிட்ட மாதிரி. வேற எப்படி ஒண்ணா சாப்பிடறது, சொல்லு?"

நான் காப்பி கலக்கப் போனேன்.

மலை தின்ற பகல்

இதில் எங்கள் ஊருக்கு உரிய சிக்கல் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீடு கோயிலுக்குக் கிழக்கே இருந்தது. மலை மேற்கே. ஆகவே எங்கள் தெருவுக்குச் சூரியன் வானத்தின் விளிம்பில் மறைவதில்லை. அதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். வானம் வெளுப்பாகத்தான் இருக்கும். ஆனால் தெரு நிழலில் குளிர்ந்துவிடும்.

இதை அஸ்தமனம் என்று கொள்வதா, கூடாதா? அப்பா கொண்டார். "மலை மறைச்சா மறைஞ்சதுதான். அப்புறம் வானத்துல எங்க இருக்குன்னு ஏணி போட்டா பாக்க முடியும்?" என்பார். மலை மறைத்ததும் சமையலறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். இதனால் ஊரில் மற்றவர்களுக்குக் கிடைத்த பகலில் ஒரு துண்டு எங்கள் வீட்டுக்குக் கிடைத்ததில்லை. அக்காவோ அதிலும் இன்னொரு துண்டைத் தீவுக்குக் கொடுத்துவிட்டாள்.

மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில், மேற்கு வானம் திறந்து கிடக்கும். அங்கே சூரியன் வயல்களின் மேல் நிதானமாக இறங்கும். ஒரே மலை. இந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு நேரம், அந்தப் பக்கம் இருப்பவருக்கு இன்னொரு நேரம். புவியியல் ஆசிரியையாக இருந்த எனக்கு இது வகுப்பில் சொல்ல வசதியான எடுத்துக்காட்டு. அப்போது எடுத்துக்காட்டாக மட்டும்தான் இருந்தது.

இரண்டு மாவட்டங்கள்

பத்திரிகைத் தொடரின் இந்த வார அத்தியாயமாக இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். இப்போது அவளுக்குக் காது சற்று மந்தம். இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"எழுது. ஆனா சரியா எழுது. உன் பழைய பாடப் புஸ்தகம் மாதிரி எல்லாத்தையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு, மூலைல ஒட்டி வெச்சுடாத."

அவள் சொன்னது இந்திய வரைபடத்தை. அந்தமானும் நிக்கோபாரும் பெரும்பாலும் அப்படித்தான் வலது ஓரத்தில், ஒரு சிறு கட்டத்துக்குள் அடைபட்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே இடம். ஊரில் கேட்டால் "பொண்ண அந்தமான்ல குடுத்திருக்காங்க" என்று முடித்துக்கொள்வார்கள்.

அப்படி முடித்துக்கொள்ளக் கூடியது அல்ல அது. வடக்கிலிருந்து தெற்காகச் சிந்திய தீவுகளின் நீண்ட வரிசை. வட அந்தமான், நடு அந்தமான், தென் அந்தமான் மூன்றும் ஏறத்தாழ ஒட்டிக்கொண்டு கிடப்பவை. தலைநகரான போர்ட் பிளேர் தென் அந்தமானில் உள்ளது. அதற்கும் தெற்கே தனியே விலகி நிற்பது சிறிய அந்தமான். அதன் பிறகு அகலமான, ஆழமான கடல். பத்தாம் பாகை அட்சக்கோடு அதன் வழியே போவதால் அதற்குப் பத்துப் பாகைக் கால்வாய் என்று பெயர். அதைக் கடந்தால்தான் நிக்கோபார்த் தீவுகள் தொடங்கும். முதலில் தட்டையான கார் நிக்கோபார். நடுவில் கமோர்ட்டா, கச்சல் முதலியவை. கடைசியில் காடும் மலையுமான பெரிய நிக்கோபார். அங்கே நிற்பவருக்குச் சென்னையைவிடச் சுமத்ரா மிக அருகில்.

எழுபதுகளின் நடுவில் இவற்றை இரண்டு மாவட்டங்களாகப் பிரித்தார்கள். கால்வாய்க்கு வடக்கே இருப்பவை அந்தமான் மாவட்டம். தெற்கே இருப்பவை நிக்கோபார் மாவட்டம். நிக்கோபார், பழங்குடியினரின் நிலம். வெளியார் அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தமான் பக்கத்தில், பழங்குடியினருக்கென ஒதுக்கிய காடுகளைத் தவிர, நம்மவர் கப்பல் ஏறிப் போய் இறங்கத் தடை ஏதும் இல்லை.

பின்னாளில் எங்கள் வட ஆர்க்காடும் இரண்டாகப் பிரிந்து, திருவண்ணாமலை தனி மாவட்டத்துக்குத் தலைநகரானது. தேரடித் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். இனி எதற்கெடுத்தாலும் வேலூருக்கு ஓட வேண்டாம் என்று அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. அக்கா மட்டும் வெடிச் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டே சொன்னாள்: "கோடு போட்டா யாருக்காவது சௌகரியமாத்தான் இருக்கும். யாருக்குன்னுதான் பாக்கணும்."

அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்த அத்தியாயம்.

முறத்தில் பரப்பிய தீவுகள்

திருமணத்துக்குப் பிறகு மாமா முதலில் போர்ட் பிளேரில் இருந்தார். "குவார்ட்டர்ஸ் கெடைச்சதும் கூட்டிகினு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நான்கு நாள். அக்கா ஒரு தகரப் பெட்டி வாங்கி, அதில் கடல் காற்றுக்கு ஆகும் என்று யாரோ சொன்ன கனத்த பருத்திப் புடவைகளை அடுக்கினாள்.

அடுத்த விடுப்பில் வந்தபோது சொன்னார்: "என்னை நிக்கோபாருக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க. அங்க பாஸ் இல்லாம யாரும் வர முடியாது. குடும்பத்துக்குச் சீக்கிரம் குடுக்க மாட்டாங்க. கொஞ்சம் பொறுத்துக்கணும்."

கடிதங்களுக்கு விலாசம் போர்ட் பிளேரில் இருந்த தலைமை அலுவலகமாகவே இருந்தது. அதனால் அவர் எந்தத் தீவில் இருக்கிறார் என்பது அவர் வாயால் சொன்னதுதான்.

அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். மணிலாக் கொட்டை என்ற பெயர் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது என்பார்கள். அப்படியானால் எங்களுக்குச் சோறு போட்ட பயிரும் தொலைவில் உள்ள ஒரு தீவுக் கூட்டத்தின் பெயரைச் சுமந்து வந்ததுதான்.

அக்கா ஒருநாள் உடைத்த மல்லாட்டைப் பயறுகளை முறத்தில் கொட்டி, "அவரு எங்க இருக்காருன்னு காட்டு விஜி" என்றாள். நான் பயறுகளை வரிசையாக வைத்தேன். கால்வாய்க்காக விரலால் ஓர் இடைவெளி விட்டேன். அதற்குக் கீழே நிக்கோபார்.

"இங்க பாஸ் கேப்பாங்க. அது நிஜந்தான் அக்கா. மாமா சொல்றது சரிதான்."

அந்தப் பொய் அவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தது. அதன் ஒவ்வொரு செங்கல்லும் உண்மை.

அக்கா கால்வாய்க்குத் தெற்கே இருந்த ஒரு பயறை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்தாள். தின்னவில்லை.

அதன் பின் ஆண்டுகள் போயின. அம்மா பக்கவாதத்தில் படுத்தாள். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது, மண்டி ஆட்களுக்குச் சமைப்பது எல்லாம் அக்காவின் கைக்கு வந்தன. தகரப் பெட்டியின் பூட்டில் துரு ஏறியது. நாலரை மணிச் சாப்பாடு மட்டும் மாறவில்லை.

மொட்டை போட வந்தவர்கள்

ஒரு சித்திரை மாதத்து வெயிலில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, அதன் மழித்த தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இன்னும் இரு பிள்ளைகள் அவள் முந்தானையைப் பிடித்திருந்தார்கள்.

"ஓவர்சியர் ஸ்ரீபால் சார் மாமனார் வீடு இதுதாங்களா? நான் கல்யாணி. எங்க வீட்டுக்காரரு அங்க ஸ்டோர்கீப்பரா இருக்காரு. சொந்த ஊரு ஆரணி. கோயில்ல இவனுக்கு மொட்டை போட வந்தோம். அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு."

அக்காவின் முகத்தில் அன்று வந்த ஒளியை நான் மறக்கவில்லை. தீவிலிருந்து ஓர் ஆள் வந்துவிட்டது. குழந்தைகளுக்குப் பொரிவிளங்காய் உருண்டை கொடுத்து, கல்யாணிக்கு விசிறியை எடுத்துக் கொடுத்து, எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"உனக்கு மட்டும் பாஸ் குடுத்துட்டாங்களாம்மா?"

"என்னா பாஸ்க்கா?"

"நிக்கோபாருக்கு."

கல்யாணி சிரித்தாள். "நிக்கோபாருக்கு நாங்க எதுக்குப் போறோம்? நாங்க ஹட் பேல இல்ல இருக்கோம். சின்ன அந்தமானு. ஓவர்சியர் சாரும் அங்கதான், எங்களுக்கு எதிர் லைன்லயே. வந்து நாலு வருசம் ஆவுது. கப்பல் டிக்கெட் கெடைச்சா யாரு வேணா வரலாம்க்கா. என் மாமியாரே வந்து ஆறு மாசம் உக்காந்து என்னைக் கொன்னுட்டுப் போச்சு."

முறத்தில் நான் வைத்த பயறு வரிசை நினைவுக்கு வந்தது. சிறிய அந்தமான் கால்வாய்க்கு வடக்கே இருக்கிறது. நிக்கோபாருக்குப் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் அது அந்தமான் மாவட்டம். அனுமதிச் சீட்டு கேட்கும் கோடு அதற்குத் தெற்கே ஓடுகிறது.

அக்கா விசிறியைக் கீழே வைத்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவரு சாயந்திரம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவாரு?"

"அங்க அஞ்சு அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும்க்கா. ஆம்பளைங்க எல்லாம் சேர்ந்து சீட்டு ஆடிட்டு மெஸ்ல எட்டு மணிக்கு மேலதான் உக்காருவாங்க. சாரு இருந்தா ஒரே சிரிப்புதான். ஜாஸ்தி தமாஷ் பண்ணுவாரு."

தமாஷ் பண்ணும் ஸ்ரீபால் மாமாவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

கல்யாணி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மெல்லக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "அடுத்த கப்பல்ல சாரும் லீவுல வராராமே" என்றாள், சமாதானம் போல.

அவள் போன பின் மணி நாலரை ஆயிற்று. அக்கா எழுந்து போய்த் தட்டு வைத்தாள். நான் பேச வாயெடுத்தேன். "அவரு வரட்டும்" என்றாள். சாப்பிட்டாள்.

"மாமாவுக்குத்தான் தெரியுமே"

மாமா வந்தார். அழகான படாக் மரத்தில் செய்த சப்பாத்திக் கட்டை ஒன்றை அக்காவுக்குக் கொண்டுவந்திருந்தார். சிவப்பு மரம், எண்ணெய் தடவியது போல் பளபளத்தது.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்.

"ஹட் பேக்குப் பாஸ் வேணுங்களா?"

மாமா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரம்மா மேப்பு காட்டிட்டாங்க போல. அது நிக்கோபார் பக்கந்தான் சுமதி. எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல மாமா. கால்வாய்க்கு வடக்க இருக்கு. அந்தமான் மாவட்டம். பாஸ் தேவையில்ல" என்றேன்.

"சரி, தேவையில்ல. அங்க வந்து என்ன பண்ணப் போறா? வருஷத்துல பாதி நாள் மழை. அட்டை கடிக்கும். காய்கறி கப்பல்ல வந்தாத்தான் உண்டு."

"கல்யாணி மூணு பசங்களோட இருக்கா" என்றாள் அக்கா.

மாமா எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் கெட்டவர் அல்லர் என்று இன்று எழுதலாம். அன்று அந்தக் கூடத்தில் அவரைவிட மோசமான மனிதர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"தனியா இருந்து பழகிட்டேன். வேற ஒண்ணும் இல்ல. யாரும் தப்பா நினைக்க வேணாம்." பிறகு ஏதோ தன்னை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை என்பதுபோல் நிமிர்ந்தார். "மாமாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே. போன லீவுலயே சொல்லிட்டேனே. என்னா மாமா?"

அவர் மாமா என்றது எங்கள் அப்பாவை.

அப்பா எழுந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அது ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி கொடுக்கும் கடிகாரம். அன்று ஞாயிறு இல்லை.

"உங்கம்மா படுத்துகினு கெடக்கறா" என்றார், கடிகாரத்திடம். "நீ கப்பல் ஏறிட்டா அவளுக்கு யாரு? விஜி ஸ்கூலுக்குப் போயிடறா. நான் மண்டியப் பாக்கறதா, அவளப் பாக்கறதா? மாப்ள இப்ப வேணாம்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஒருவருக்குத் தனிமை சௌகரியம். இன்னொருவருக்கு அடுப்படியில் ஓர் ஆள் இருப்பது சௌகரியம். இருவருக்கும் நடுவே பத்தாம் பாகைக் கோட்டைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைத்தால் போதுமானதாக இருந்தது. தள்ளி வைத்தார்கள்.

அங்கே வேறொரு பெண் இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். ஊர் அக்காவின் பக்கம் பேசியிருக்கும். நாங்களும் யாரையாவது சபித்திருப்போம். யாரும் இல்லை. அக்காவுக்குப் பதிலாக அவர் தேர்ந்தெடுத்தது ஒரு சீட்டுக்கட்டும் எட்டு மணிச் சாப்பாடும்தான். அதை யாரிடம் சொல்லி அழுவது?

மற்றதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். மாமா அந்த விடுப்பு முடிந்து போனார். பிறகும் சில முறை விருந்தாளி போல் வந்தார். அப்புறம் வருவது நின்றது. அக்கா கப்பல் ஏறவில்லை. "கூப்பிடாத வீட்டுக்குக் கடல் தாண்டியா போவாங்க?" என்றாள். அம்மா மேலும் பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தாள். ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய மாலையை.

அந்தப் பக்கத்துச் சூரியன்

நாலரை மணி ஆயிற்று. அக்கா தட்டு வைக்கவில்லை. தூக்குவாளியில் தயிர் சாதமும் மாங்காய்த் துண்டும் எடுத்துக்கொண்டு, புடவையை மாற்றினாள். தகரப் பெட்டியின் துருப்பிடித்த பூட்டை அம்மிக் குழவியால் ஒரே அடியில் உடைத்து எடுத்த கனத்த பருத்திப் புடவை. மடிப்புகளில் மஞ்சளாகக் கோடு விழுந்திருந்தது.

"விஜி, ஒரு ஜட்கா பாரு. அடி அண்ணாமலை வரைக்கும்."

அப்பா பதறினார். "இந்நேரத்துக்கு எங்க கிளம்பிட்ட? உங்கம்மாவுக்கு யாரு கஞ்சி குடுக்கறது?"

"நீங்க இருக்கீங்களே."

"மாப்ளைக்குச் சாப்பாடு?"

"அவரு எட்டு மணிக்குத்தான் சாப்பிடுவாராம்."

மலை மறைத்ததும் கதவைச் சாத்தும் எங்கள் வீட்டில், எட்டு மணிக்கு அடுப்பு எரியாது. மாமா திரும்பிச் சுவரைப் பார்த்தார். அப்பா இருவரில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நாங்கள் வாசலைக் கடந்தபோது தெருவில் மலையின் நிழல் விழத் தொடங்கியிருந்தது.

ஜட்கா மலையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. குதிரைக்கு வைத்திருந்த புல்லின் ஈர வாசனை. ஒரு திருப்பத்தில் நிழல் சட்டென்று முடிந்து வெயில் எங்கள் மடியில் வந்து விழுந்தது. அவள் கையை நீட்டி அதில் காட்டினாள், அடுப்பில் குளிர் காய்வது போல.

அடி அண்ணாமலையில் இறங்கி, மல்லாட்டைக் கொல்லையின் வரப்பில் உட்கார்ந்தோம். மேற்கே ஒன்றும் மறைக்கவில்லை. சூரியன் இன்னும் ஒரு பனை உயரத்தில் இருந்தது.

அக்கா தூக்குவாளியைத் திறந்தாள். அவசரமே இல்லாமல் பிசைந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து சூரியனைப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகளாக அவள் தினமும் தீவுக்குக் கொடுத்துவந்த அந்த ஒரு மணிப் பகலை, அதற்கும் முன்பிருந்து அப்பாவின் மலை எடுத்துக்கொண்ட பகலை, ஒரே மாலையில் தின்று தீர்க்க முடியாது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"இங்க எவ்ளோ நேரம் இருக்கு பாரேன்" என்றாள். குரலில் ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சூரியனின் விளிம்பு வயலைத் தொட்டபோது கடைசி வாயை எடுத்து வைத்தாள். பிறகு வரப்பு நீரில் கையைக் கழுவி, ஈரக் கையைப் பழைய புதுப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குக் கஞ்சியில உப்பு போடத் தெரியாது. அம்மா துப்பிடுவா" என்று எழுந்து ஜட்காவை நோக்கி நடந்தாள்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் வானம் இன்னும் சிவந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டில், பொழுது போய் வெகு நேரமாகியிருந்தது.